தண்ணீர் போகும் வழி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தாத்தா வீட்டில் பாதி இன்னும் நிற்கிறது. மறுபாதியை 2013இல் இடித்துவிட்டார்கள். இடிந்தது அப்பாவின் பங்கு, நிற்பது சித்தப்பாவின் பங்கு. இரண்டுக்கும் நடுவில் இருந்த பொதுச் சுவர் இப்போது காலி மனையைப் பார்த்தபடி வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. பாட்டி தினமும் விளக்கேற்றிய பிறை, அதாவது சுவருக்குள் குடைந்த சின்ன மாடம், அந்தச் சுவரில் அப்படியே தெரிகிறது. எண்ணெய்ப் புகையின் கறுப்புகூடப் போகவில்லை. பல ஆண்டுகள் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்தபடியே நடந்திருக்கிறேன்.

“நூறு வருஷத்து வீடு, இனித் தாங்காது” என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அது வயதாகிச் சாகவில்லை, நாங்கள் செய்த பழுதுபார்ப்பே அதைச் சாகடித்தது என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் புரியவைத்தவை புதுச்சேரியின் தெருக்கள். 2016இல் மகளை அங்கே கல்லூரியில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்து அவளைப் பார்க்கப் போவேன். அவள் எட்டு மணிக்கு முன்னால் எழமாட்டாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கத் தொடங்கினேன்.

எல்லாரையும் போல நானும் கடற்கரையில்தான் ஆரம்பித்தேன். காந்தி சிலை, அதைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள், 1836இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். அங்கிருந்து துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி. மஞ்சள் சுவர், வெள்ளைக் கோடு, சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப் பூ. அழகுதான். ஆனால் மூன்று ஞாயிறு நடந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரெஞ்சு வீடுகளின் அமைப்பு அப்படி. உயரமான மதில், பெரிய மரக்கதவு, அதற்குள்ளே தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் வளைவுகள் கொண்ட முன்கூடம். வீட்டின் அழகு முழுவதும் உள்ளே திரும்பியிருக்கும். தெருவில் நிற்பவருக்குக் கிடைப்பது மதில் மட்டுமே.

ஆகவே முதன்முதலாகப் போகிறவர்களிடம் நான் சொல்வது, மேற்கிலிருந்து தொடங்குங்கள். ஊரின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால்தான் எல்லை. கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பதைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டக்கோடுகளைப் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த அந்தச் சில ஆண்டுகளில் தமிழர் பகுதித் தெருக்களுக்கு அவர்கள் வரைந்த வரைபடத்தின் மேல்தான் இன்றும் மக்கள் காய்கறி வாங்கப் போய்வருகிறார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை, மாளிகை, வீடு எதையும் விட்டுவைக்கவில்லை. 1765இல் திரும்பக் கைக்கு வந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோட்டின் மேலேயே மறுபடி கட்டினார்கள். இன்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. அடியோடு இடிந்த ஊர் ஒரு முறை திரும்ப எழுந்திருக்கிறது என்பது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

நான்காவது ஞாயிறு கால்வே சுப்புராயச் செட்டி வீதிக்குள் நுழைந்தேன். வைசியாள் வீதி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். காலை ஆறேகால் இருக்கும். இரண்டு பக்கமும் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நான் நின்றுவிட்டேன். எங்கள் வீடு வரிசையாக இருபது முறை நிற்பது போல் இருந்தது.

தெருவை ஒட்டி ஒரு தாழ்வாரம். மெல்லிய மரத்தூண்களின் மேல் சரிந்திறங்கும் ஓட்டுக்கூரை. அதன் அடியில் கதவுக்கு இரண்டு பக்கமும் திண்ணை. தாழ்வாரம் வழிப்போக்கருக்கு, திண்ணை வந்தவருக்கு, நடை உறவினருக்கு, முற்றம் வீட்டாருக்கு. தெருவிலிருந்து அடுப்படி வரை படிப்படியாக அந்நியம் குறையும். கடலூரில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இதே வரிசைதான் இருந்தது. ஆனால் அதற்குள்ளேயே இருந்ததால் அதை ஓர் அமைப்பாக நான் பார்த்ததே இல்லை. வைசியாள் வீதியில் ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்ந்து, அது அதற்கடுத்ததோடு சேர்ந்து, தெரு முழுவதற்கும் ஒரே நிழலாக ஓடியிருக்கிறது. யாரோ ஒருவர் தன் வீட்டுத் தாழ்வாரத்தை எடுத்துவிட்டு இரும்புக் கதவு போட்டால் அவர் வீடு மட்டும் மாறுவதில்லை, அந்த நிழல் அறுந்துபோகிறது. தெரு என்பது ஒரு கூட்டுச் சொத்து என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்தத் தெரு இப்படி இருப்பது தற்செயல் அல்ல. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து அந்த வீடுகளின் முகப்புகளை மீட்டெடுத்தார்கள். இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சூர் லோத் ஆகிய இரண்டு ஊர்களும் கூட்டாளிகள். செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றார்கள். இந்த விவரம் எனக்கு முக்கியமாகப் பட்டது. வெளியிலிருந்து வந்த பணம் முழுவதையும் செய்துகொடுத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த மழையில் ஓடு நழுவும்போது திட்டக்காரர்கள் வரட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

ஒரு திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார். நான் போட்டோ எடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, “யார் வீட்டைத் தேடுகிறாய் அம்மா?” என்றார். “எங்கள் வீடும் இப்படித்தான் இருந்தது பாட்டி, அதனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றேன். “இருந்தது என்றால்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவர் கீரைக் கட்டைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். திண்ணையின் வழவழப்பில் கை வைத்தபோது பாட்டியின் வீட்டுத் திண்ணையில் கை வைத்தது போலவே இருந்தது. அந்தக் குளிர்ச்சி சிமெண்டுத் தரையில் வராது.

அவர் வீட்டை எனக்குக் காட்டியது அதற்கு நாலாவது வாரம். அதுவரை நானும் கேட்கவில்லை. ஊர் பார்க்க நடக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை அருங்காட்சியகங்கள் அல்ல. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எட்டிப் பார்ப்பதும், முற்றத்தில் குளித்துவிட்டு வருகிறவர் இருக்கும்போது கேமராவை நீட்டுவதும் அந்தத் தெரு மனிதர்களை நம்மைப் போன்றவர்கள்மேல் வெறுப்புக்கொள்ள வைக்கும். அந்த வெறுப்பு கடைசியில் வீட்டின்மேல்தான் விழும். செருப்பை வாசலில் விடுங்கள். முதல் நாள் திண்ணையோடு நில்லுங்கள். ஒரே தெருவுக்குப் பல முறை போங்கள். பத்துத் தெருவை ஒரு நாளில் பார்த்ததைவிட ஒரு தெருவைப் பத்து நாள் பார்த்ததில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு உண்மையான பாடம் நடத்தியவர் ஒரு கொத்தனார். அறுபது வயதைத் தாண்டியவர். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலையா என்று கேட்டதற்கு, “சுண்ணாம்புக்கு ஞாயிறு தெரியாது அம்மா, நனைத்தால் நனைத்தபடி இருக்க வேண்டும்” என்றார். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, நீருக்குள்ளேயே நாள்கணக்கில் ஊறவைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் புளித்துக்கொண்டிருந்தன. வாடை தெருமுனை வரை வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் சாந்தில் சேர்ப்பார்கள்.

அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “சுவர் எங்கே அம்மா வியர்க்கும்?”

பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். பூச்சு கொஞ்சம் உதிரும், நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளையடித்தால் சரியாகிவிடும். உதிர்வது பூச்சு, பிழைப்பது செங்கல். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே போக வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே மேலே ஏறும். மூன்றடியில் நின்ற ஓதம் ஆறடிக்குப் போகும். உப்பு செங்கலுக்குள்ளேயே பூத்து அதை மாவாக்கும். வெளியே சிமெண்டு உறுதியாக நிற்கும், உள்ளே சுவர் இருக்காது. அவர் கரணையின் பிடியால் ஓர் இடத்தில் தட்டினார். சட்டியைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. பக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சு இருந்த இடத்தில் தட்டினார். அது வேறு சத்தம், நிறைந்த சத்தம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2009இல் நாங்கள் கடலூர் வீட்டுக்குக் கீழ்ச்சுவர் முழுவதும் நாலடி உயரத்துக்குச் சிமெண்டு பூசினோம். ஓதம் அடிக்கிறது, உறுதியாக ஒரு பூச்சுப் போட்டுவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். அடுத்த ஆண்டே நாலடிக்கு மேலே சுவர் உதிரத் தொடங்கியது. பழைய வீடு அப்படித்தான் என்றார்.

அதைவிடப் பெரிய தவறு மாடியில் நடந்தது. எங்களுடையது கட்டைக்குத்து வீடு. வெளியூரில் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குத் தூலங்கள், அவற்றின் மேல் நெருக்கமாக மரச் சட்டங்கள், சட்டங்களின் மேல் அச்சுக்கற்கள் என்னும் சின்னச் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கடித்துவைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு, அதாவது தட்டோடு, பதிப்பார்கள். தாத்தா காலத்தில் அந்தத் தட்டலுக்குப் பாட்டு உண்டு என்று பாட்டி சொல்வார். அந்த மொத்தக் கூரையும் மழைநீர் வெளியேறும் தூம்பை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சரிவு அது. மழைக்குத் தெரியும்.

ஒழுகுகிறது என்று அந்தத் தட்டோட்டின் மேல் 2009இல் இரண்டங்குலச் சிமெண்டுக் கலவையைச் சமமாகப் போட்டார்கள். சமமாக. தூம்பின் வாயில் பாதி மூடிப்போனது. வடமேற்கு மூலையில் தண்ணீர் தேங்கியது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது அந்தச் சிமெண்டுத் தளம் விரிந்தது. விரிசலில் இறங்கிய நீர் திரும்பக் காய வழியே இல்லாமல் தூலத்தின் தலையில், சுவருக்குள் பதிந்திருக்கும் அந்த நுனியில், மாதக்கணக்கில் நின்றது. தேக்குத் தூலம் நடுவில் இரும்பு போல இருந்தது, நுனியில் மட்டும் விரலால் குத்தினால் விரல் உள்ளே போனது. வீடு போய்விட்டது என்று முடிவு செய்தோம். கொத்தனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தாமலே, “நுனியை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். உடனே வேறு பேச்சுக்கு மாறினார்.

அதற்குப் பிறகு நான் நடக்கும் விதமே மாறிவிட்டது. வளைவையும் தூணையும் விட்டுவிட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். எதிர்ச்சாரியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். அதில் அரசங்கன்று முளைத்திருந்தால் அங்கே தூம்பு அடைத்திருக்கிறது என்று பொருள். தூம்புக்குக் கீழே சுவரில் கறுப்பாகவோ பச்சையாகவோ நீண்ட கோடு இறங்கினால் குழாய் சுவரைவிட்டு வெளியே நீளவில்லை. சுவரின் அடி மூன்றடியைப் பாருங்கள், அங்கே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா, பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா? தெருவைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், நாலு படி ஏறிப்போக வேண்டிய வீடுகளுக்கு இன்று ஒரு படிதான் மிச்சம் இருக்கிறது. படிகள் புதைந்த வீட்டுக்குள் தெருத் தண்ணீர் போகும். ஒரு வீட்டுக்குப் படி எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த வீட்டின் நோய் தெருவிலிருந்து வருகிறது என்று நான் குறித்துக்கொள்வேன்.

இதைப் பார்க்க நல்ல நேரம் மழை விட்ட மறுநாள் காலை. ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். டிசம்பர் கடைசியில் வேண்டாம், கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. கோடையில் எட்டரைக்கு மேல் நடக்க முடியாது. ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். எனக்கு வரைய வராது. ஆனாலும் ஒரு கதவை, தூணின் தலையிலுள்ள ஒரு போதிகையை, கோணலாக வரைந்தால்கூட அதை ஐந்து நிமிடம் பார்த்தாக வேண்டியிருக்கிறது. போட்டோவுக்கு ஒரு நொடி போதும், அதனால்தான் போட்டோவில் ஒன்றும் நிற்பதில்லை. தெருப் பெயர்ப் பலகைகளையும் படியுங்கள். நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் இருக்கும். செட்டி வீதி, வெள்ளாள வீதி, காஜியார் வீதி என்று யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பிய பாணியில் சுண்ணாம்புத் தூண்கள். தமிழ் வீட்டின் தோள்மேல் பிரெஞ்சு வீடு ஏறி உட்கார்ந்தாற்போல் இருக்கும். தமிழர் பகுதியில் பல வீடுகள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. கீழே திண்ணை, மேலே வளைவுச் சன்னல். பிள்ளையின் மாளிகைக்குள் நினைத்த நேரத்தில் போக முடியாது. அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 1748இல் ஆங்கிலேயரின் முற்றுகைக் காலத்தில் பழைய வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை அவர் தன் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு கட்டடம் இடிபடுவதை, அதிகாரத்தில் இருந்தும் தடுக்க முடியாத ஒருவர் எழுதியது அது. இப்போது ஈஸ்வரன் கோயில் வீதியில் இருப்பது பிற்பாடு கட்டிய கோயில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில், பாரதியார் வாழ்ந்த வீடு. 1908இலிருந்து 1918 வரை அவர் இந்த ஊரில் இருந்தார். வீட்டைச் செப்பனிட்டு நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். கூடத்தில் நின்று மேலே பாருங்கள், கட்டைக்குத்துக் கூரை எப்படி இருக்கும் என்று யாரையும் தொந்தரவு செய்யாமல் பார்க்க நல்ல இடம்.

இதற்குப் பிறகு வாய்க்காலைத் தாண்டி வெள்ளையர் பகுதிக்குப் போனால் அது வேறு ஊராகத் தெரியும். துய்மா வீதியில் கப்ஸ் கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயில், 1855இல் கட்டியது. உள்ளே சலவைக்கல் போல் மின்னும் பூச்சில் முட்டை வெண்கரு சேர்ந்திருக்கிறது என்பார்கள். கொத்தனாரின் பீப்பாய் வாடையை முகர்ந்த பிறகு அந்த மினுமினுப்பைப் பார்ப்பது தனி அனுபவம்.

சிமெண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைத் தெருவில் நின்று பாருங்கள். செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1937இல் வேலை தொடங்கியது. முழுவதும் கான்கிரீட். சுவருக்குப் பதில் திறந்து மூடும் கிடைப்பலகைகள், காற்று அறைக்குள் ஊடுருவிப் போகும். கடற்காற்றின் உப்பில் இத்தனை ஆண்டுகள் நிற்கிறது, ஏனென்றால் கான்கிரீட்டைக் கான்கிரீட்டாகவே நினைத்துக் கட்டினார்கள், அன்றுமுதல் அக்கறையோடு பராமரிக்கிறார்கள். சுண்ணாம்பு வீட்டுக்குச் சிமெண்டுச் சட்டை போடுவதில்தான் கேடு.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறது. 1870 வாக்கில் கட்டிய நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் 29ஆம் தேதி கனமழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு அதே முகத்தோடு திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குள் இரண்டு பேர் பேசுவார்கள். கடற்கரை பல்லிழந்த வாயாக நின்ற அந்த ஆண்டுகளைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தொட்டால் அது புதுக் கட்டடம். பழைய சுவரில் கைவைத்தவர்களின் கை அதில் இல்லை. கட்டும் செலவில் ஒரு சிறு பங்கை முன்னாலேயே கூரைக்கும் தூம்புக்கும் ஆண்டுதோறும் செலவழிக்கும் பழக்கம் நம் நாட்டில் பெரும்பாலான பழைய கட்டடங்களுக்கு இல்லை. அது வர வேண்டும். திறப்பு விழா இல்லாத வேலை என்பதால்தான் அதற்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்று நினைக்கிறேன்.

1990களில் இன்டாக் பட்டியல் எடுத்தபோது இந்த ஊரில் சுமார் 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. அவற்றில் பல நூறு இன்று இல்லை. போனவற்றில் மிகுதி தமிழர் பகுதியில். காரணத்தைத் திண்ணைப் பாட்டியே சொன்னார். அவர் மாமனாருக்கு ஐந்து பிள்ளைகள், பதினான்கு பேரப்பிள்ளைகள். மனையின் விலை ஏறிக்கொண்டே போகிறது. முற்றத்தைப் பதினான்காகப் பிரிக்க முடியாது, பணத்தைப் பிரிக்கலாம். இதற்கு யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானே கையெழுத்துப் போட்டவள். சில வீடுகளை ஓட்டல்களாக மாற்றியிருக்கிறார்கள். அதைப் பழிக்கிறவர்கள் உண்டு. கூரை ஒழுகாமல் ஒரு வீடு நிற்பதை நான் பழிக்கமாட்டேன். ஆனால் ஒரு தெரு முழுவதும் ஓட்டலானால் வாசல் தெளிக்க யாரும் இருக்கமாட்டார்கள். வைசியாள் வீதியை வைசியாள் வீதியாக வைத்திருப்பது அந்தப் பாட்டியின் கீரைக் கட்டும்தான்.

2019இல் சித்தப்பா தவறினார். தம்பி, அதாவது சித்தப்பாவின் மகன், தன் பாதியையும் கொடுத்துவிடலாமா என்று போனில் கேட்டான். ஓதம், ஒழுக்கு, அதே கதை. “அடுத்த ஞாயிறு புதுச்சேரிக்கு வா, ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன்” என்றேன். வைசியாள் வீதியில் ஆரம்பித்து மேரி கட்டடம் வரை அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கொத்தனார் பிறகு கடலூருக்கு வந்து பார்த்தார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், முதலில் மாடி, பிறகு சுவரடி, பூச்சு கடைசியில் என்று சொன்னார். இந்த வரிசையைப் பழைய வீடு வைத்திருக்கும் எவரும் குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம், வெளியே தெரியும் பூச்சில்தான் முதலில் கை வைக்கிறோம்.

மாடியில் பின்னால் போட்ட கலவையைப் பக்குவமாகக் கொத்தி எடுத்துச் சரிவைத் திரும்பக் கொண்டுவந்தார். அழுகிய இரண்டு தூல நுனிகளை வெட்டிப் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டார்கள். கீழ்ச்சுவரில் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுவதும் செங்கலைத் திறந்தபடி விட்டோம். பூத்த உப்பைத் தம்பியின் மகள்கள் துடைப்பத்தால் கூட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் வீட்டை இடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். சுவர் காய வேண்டும், அதற்கு அவசரப்படுத்த முடியாது. காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு. நடுவில் ஊரடங்கு வந்து நின்றது, கையில் பணம் இல்லாமலும் நின்றது. மொத்தம் மூன்று ஆண்டுகள் ஆயின.

கடைசியாகப் பொதுச் சுவர். காலி மனைப் பக்கம் வெட்டவெளியில் கிடந்த அந்த முகத்துக்கும் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே வரும். பிறை இருக்கும் இடத்தை என்ன செய்வது என்று தம்பி கேட்டான். அதை அடைத்துப் பூசிவிடுவதுதான் சுவருக்கு நல்லது என்று எனக்கும் தெரியும். கொத்தனார் பிறைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். மேல்விளிம்பில் ஓர் அங்குலம் நீண்டிருக்கும்படி கல்லை வைத்து, அடியில் தண்ணீர் வழிய ஒரு சரிவு கொடுத்து, உள்ளே பூசாமல் அப்படியே விட்டார்.

போன ஐப்பசியில் முதல் மழைக்கு முன்னால் தம்பி கூப்பிட்டான். இருவரும் மாடிக்குப் போனோம். தூம்பின் வாயில் வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து கையால் அள்ளினான், நான் வாளியைப் பிடித்தேன். ஒரு குடம் தண்ணீரை வடமேற்கு மூலையில் ஊற்றினோம். அது கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு எங்கள் கால்களைச் சுற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்து, தூம்பைக் கண்டுபிடித்து, கீழே முற்றத்தில் விழும் சத்தம் கேட்டது.